எட்டு வரை எண்ணினோம்

ஓடுகிறோம். டென்மார்க்கில், இக்காஸ்டிலிருந்து விபோர்க் போகும் தெரு. கார்கள் அசையவில்லை. எங்களுடையதையும் விட்டுவிட்டோம். மூன்று பேர். நான், மனைவி பாக்கியம், பக்கத்து வீட்டுக் கிர்ஸ்டன்.

காலையில் வானொலி சொன்னது: மேற்கே டென்மார்க்கின் டாங்கிகள் எதிரியை மறித்து நிற்கின்றன. பத்து மணிக்கும் அதையே சொன்னது. பதினொன்றுக்கு வெறும் இசை. சண்டையில் தோற்றுவிட்டார்கள். எனக்கு அப்போதே விளங்கியது.

தொலைவில் ‘டும்’. ஷெல் புறப்படும் சத்தம். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டதும் எண்ணுவோம். விழுமுன் படுப்போம். இங்கே எட்டு எண்ணினால் விழுகிறது. காலையிலிருந்து பதினான்கு ஷெல். பதினான்கும் சரி. கிர்ஸ்டனுக்கும் பழக்கினேன். போரைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவள். டேனிஷில் உரக்க எண்ணினாள். ஏழில் படுத்தாள்.

பாக்கியத்துக்குச் சிரிப்பு. “இஞ்சேருங்கோ, செத்தாலும் எத்தினையாவது ஷெல் எண்டு சொல்லிப்போட்டுத்தான் சாவியள்.”

மரக்கூட்டத்தைத் தாண்டுகிறோம். முன்னால் வயல் வெடிக்கிறது. வாயெல்லாம் மண். அதற்குப் பிறகுதான் ‘டங்’ என்று ஒரு சத்தம். குறுகிய, காய்ந்த சத்தம். நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. கிர்ஸ்டனும் தெருவில் நின்றபடி எண்ணுகிறாள்.

“எண்ணாதேங்கோ! டாங்கி! படுங்கோ!”

பாக்கியம் வன்னியில் டாங்கிகளைக் கண்டவள். நான் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டேன். டாங்கிக் குண்டு நேரே வரும். சத்தம் அதன் பின்னால் வரும். எண்ணுவதற்கு நேரமே இல்லை.

நானும் பாக்கியமும் தெருவோரக் கானின் பள்ளத்துக்குள் விழுந்தோம். பாக்கியம் கத்தியது தமிழில். கிர்ஸ்டனுக்கு விளங்கவில்லை. நிற்கிறாள். நான்கு என்கிறாள். பாக்கியம் எழுந்து ஓடினாள். அவளைப் பிடித்துக் கானுக்குள் தள்ளினாள். தான் குதிக்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

‘டங்’ பிறகு கேட்டது.

இப்போது இருப்பது விபோர்க்கில் ஒரு விளையாட்டு மண்டபம், தப்பி வந்தவர்களுக்கான தங்குமிடம். கிர்ஸ்டன் பக்கத்துக் கட்டிலில். தொலைவில் ‘டும்’ கேட்டால் என் கையைப் பிடிக்கிறாள். எண்ணுவதில்லை. டென்மார்க்கின் டாங்கிகள் வென்றிருந்தால் பாக்கியத்துக்கு இன்று முதியோர் இல்லத்தில் காலை வேலை. நான் காரில் கொண்டுபோய் விட்டிருப்பேன். தெருவில் பனி வழுக்குமோ என்று புறுபுறுத்திருப்பேன்.

இழந்தவை. வீடு ஒன்று. கார் ஒன்று. அந்தத் தெருவில் கிடந்தவர்கள், நான் கண்டவரை, ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரின் பெயர் தெரியாது.

பதினாறாவது ஷெல். பாக்கியம்.