டிரைவரில் பிழை

சுவாமி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாப்பாட்டுக்கு அலைகிற ஆள் இல்லை. நாற்பத்தாறு வயதில் இந்த மொன்றியலில் ஒரு பேஸ்மென்டில் தனியாக இருக்கிறவன். பாணும் சம்பலும் கிடைத்தால் என் பாடு முடிந்துவிடும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நம்முடைய கோயில் சனத்தின் கணினி பழுதானால் சனிக்கிழமைகளில் போய்த் திருத்திக் கொடுப்பேன், காசும் வாங்குவதில்லை. ஒரு பாவத்தை நிறுக்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தானே நிறுக்கவேண்டும்.

அருமைராசா அண்ணை வீட்டுக்கு ஜனவரியில் கூப்பிட்டார்கள். கார்ட்டியர்வில்லில் அந்தச் செங்கல் வீடு, உங்களுக்குத் தெரியும். மகள் ஜொய்சிக்கு இருபத்துமூன்று வயது. பகலில் தெப்பனரில், அதுதான் அந்த மூலைக்கடையில், காசாளர், மாலையில் கேம் விளையாடுவாள். அதைக் கேட்டு நானும் சிரித்தவன்தான். ஆனால் லவாலில் ஒரு அணி அவளைச் சம்பளத்துக்கு எடுக்க யோசித்துக்கொண்டிருந்தது. மார்ச்சில் தெரிவுப் போட்டி, வீட்டிலிருந்தே இணையத்தில் விளையாடுவது. அதில் தேறினால் தெப்பனரை விட்டுவிடலாம் என்று பிள்ளை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கணினியோ, கேம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் திரை கறுத்து விழுந்துவிடும்.

பிழையை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கிற வயர் முழுதாகச் செருகப்படவில்லை. விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், அமுக்கியும் விட்டேன். அப்போதுதான் குசினியிலிருந்து அண்ணையின் மனைவி அக்னெஸ் அக்கா, சோறு வேக அரை மணித்தியாலம் ஆகும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். வேலை முடிந்தவன் அரை மணித்தியாலம் சும்மா குந்திக்கொண்டிருந்தால், சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறான் என்று நினைக்கமாட்டார்களா? எனக்கு மானம் பெரிது, சுவாமி. வயரைத் திரும்பவும் இழுத்துவிட்டேன்.

அன்றைக்கு முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. அக்கா கேட்டுக் கேட்டுப் போட்டார். "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று என்னை ஒருவர் கேட்டு ஒன்பது வருசம் இருக்கும். எனக்கு நல்ல சந்தோசமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போய் வயரை ஒழுங்காகச் செருகினேன். செருகிவிட்டு, அந்த கார்டை ஓடவைக்கிற சின்ன மென்பொருளைக் கழற்றி, அந்த கேமுக்கு ஒத்துவராத மூன்று வருசப் பழசு ஒன்றைப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் போனேன். போன கிழமை வைத்த பிழையை எடுத்துவிட்டு அடுத்த கிழமைக்கு ஒன்றை வைப்பேன். ஒரு பிழையை இரண்டு தரம் வைத்ததில்லை. வேலையில் எனக்கு ஒரு நேர்மை உண்டு.

கார்டை ஓடவைக்கிற அந்த மென்பொருளுக்குப் பெயர் டிரைவர், சுவாமி. இங்கேதான் சிக்கல் வந்தது. பெப்ரவரியில் அக்னெஸ் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கே பிழை என்று கேட்டார். முதல் கிழமை வைத்த பிழைதான் வாயில் வந்தது.

"டிரைவரிலதான் பிழை, அக்கா," என்றேன். "பழைய டிரைவர். அதுதான் நல்லா ஓடிக்கொண்டிருந்திட்டுத் திடீரெண்டு விழுது."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்," என்றார்.

அருமைராசா அண்ணை இருபத்திரண்டு வருசமாகச் சாமான் வான் ஓட்டுகிறவர். கணினியை லவால் கடையிலிருந்து தன்னுடைய வானில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். மொன்றியல் ரோட்டு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது ஒன்றும் அப்போது எனக்கு ஓடவில்லை. டிரைவரை என்ன செய்வது என்று அக்கா கேட்டபோது, முழுதாகத் தூக்கவேண்டும், கொஞ்சமும் மிச்சம் வைக்கக்கூடாது என்றேன்.

அடுத்த சனி போனபோது அண்ணை கீழே பேஸ்மென்டில் இருந்தார். தலையணையும் அங்கேதான். பருப்பும் சோறும் கீழே போனது. அவருக்கு வழக்கமாகப் போகிற பெரிய நண்டுக்கால்கள் இரண்டும் என் கோப்பைக்கு வந்தன. விசயம் விளங்கிவிட்டது. அக்கா, டிரைவர் என்றால் மனிசன் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த நிமிடம் வாயில் நண்டு இருந்தது. தவக்காலம் தொடங்கியதிலிருந்து நான் இறைச்சி தொடவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும்.

போகும்போது அண்ணை படியடியில் என்னை மறித்தார்.

"தம்பி, நான் பள்ளம் பாத்துத்தான் ஓடினனான். பச்சைப்பிள்ளையைக் கொண்டாறமாதிரித்தான் கொண்டந்தனான். உண்மையைச் சொல்லு, என்னாலையோ பழுதானது?"

"இருக்கலாம், அண்ணை," என்றேன். அது பொய் இல்லை. உலகத்தில் எதுவும் இருக்கலாம்.

போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை. ஜொய்சியின் முகம் வாடிப்போய்க் கிடந்தது. நாளைக்கு மட்டும் விழாமல் இருந்தால் காணும், றஜி மாமா என்றாள். எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. போன கிழமை வைத்த பிழையை எடுத்தேன், புதிதாக ஒன்றும் வைக்கவில்லை. டிரைவரையும் புதிதாகப் போட்டேன், தூசு தட்டினேன், மூன்று மணித்தியாலம் கேமை ஓடவிட்டுப் பார்த்தேன். கல்லுப்போல நின்றது. அப்படி ஒரு வேலை நான் கல்லூரியில்கூடச் செய்ததில்லை. வாசலில் சப்பாத்துப் போடும்போது அக்னெஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி உன்னைச் சனி சனியாய் அலைக்கழிக்கத் தேவையில்லை, என்ன தம்பி."

ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனேன். ஒரு நிமிடம்கூட உள்ளே இருக்கவில்லை. கணினியைக் குளிரவைக்கிற விசிறியின் வயரைக் கழற்றியது நான்தான். சூடேறி நின்றுவிடும் என்று தெரியும், எத்தனையாவது நிமிடத்தில் என்றும் தெரியும்.

ஞாயிறு ஜொய்சி முன்னணியில் இருக்கும்போது திரை கறுத்தது. அவசரமாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அருமைராசா அண்ணை மகளின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை அழுதுகொண்டே, பரவாயில்லை அப்பா என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் சமைக்கவில்லை. எனக்குத் தாங்கமுடியவில்லை, சுவாமி. அதனால்தான் இன்றைக்கு வந்து முழங்காலில் நிற்கிறேன்.

பரிகாரம் செய்யச் சொல்வீர்கள் என்று தெரியும். முந்திவிட்டேன். அணிக்காரர் நல்லவர்கள். பாஸ்கு முடிந்து இன்னொரு போட்டி வைக்கிறார்களாம், விழாத கணினி ஒன்றோடு வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். என் சேமிப்பில் ஜொய்சிக்குப் புதுக்கணினி ஒன்று வாங்கிவிட்டேன். கடையில் இருந்ததில் திறம் அதுதான். இரண்டு நாளாக என் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன். எந்த கேமைப் போட்டாலும் ஒரு தரம்கூட விழவில்லை. அந்த ஒரு குறையை மட்டும் சரிப்படுத்திவிட்டு, வருகிற சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.