அடிமாட்டு விலை

செருப்பு வாங்குவதாக இருந்தால் சாயங்காலம்தான் வாங்க வேண்டும். பகலெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த நேரத்தில் பொருந்துகிற செருப்பு பிறகு கடிக்காது. இது தெரியாமல் காலையில் வாங்கிப் போய், இரண்டே நாளில் கொப்புளத்தோடு திருப்பிக் கொடுக்க வருகிறவர்களைப் பதினேழு வருஷமாகப் பார்த்துவருகிறேன். எங்கள் கடையில் செருப்பிலிருந்து வாஷிங் மெஷின் வரை எல்லாம் விற்பார்கள். வேண்டாமென்று வருகிற பொருளைத் திருப்பி வாங்கும் கவுண்ட்டரில் உட்காருகிறவள் நான்.

இதெல்லாம் வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று ஐயா நினைத்தால் எழுத வேண்டாம். ஆனால் செருப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் எல்லோருக்கும் அத்தை வீட்டில் சாப்பாடு. அத்தை என்றால் என் மாமியார். மாமனாரின் கடை நொடித்துப்போன காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் தனியாகக் கரையேற்றியவர். சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்ததும் கேட்பார்: "இந்த வாரம் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம்?" ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகாமல் நடந்து போனால் லாபம். பால் திரிந்துபோனால் நஷ்டம். எல்லோரும் சொல்லி முடித்ததும் ஒருவரைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்பார். அவ்வளவுதான் பரிசு. சிரிக்காதீர்கள். எனக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அத்தை ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான் என்று நான் நம்பினேன். பதினைந்து வருஷம் அது எனக்கு மட்டுமே வந்தது. என் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். அவருக்கு லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, எனக்கு ஓரகத்தி வந்தாள். ஒரு பல் மருத்துவரிடம் சீட்டு எழுதுகிற வேலை. கலகலப்பானவள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். முதல் வருஷம் அவளுக்கு எல்லாமே நஷ்டம்தான். தீய்ந்துபோன பாத்திரம், தொலைந்த குடை. அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இரண்டாவது வருஷம் கற்றுக்கொண்டாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர்க் கட்டணம் தப்பாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, பன்னிரண்டு வீட்டுக்கும் பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் முதன்முறையாக அத்தையின் கண் என்னைத் தாண்டிப் போனது.

செருப்பு அதற்கு அடுத்த மாதம். ஊழியர்களுக்கான பத்து சதவீதத் தள்ளுபடியில் நான் ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லி முடிப்பதற்குள், அவள் மேசைக்கு அடியிலிருந்து காலை நீட்டினாள். அதே செருப்பு. அதே பழுப்பு நிறம்.

"மாசக் கடைசி வரைக்கும் காத்திருந்தா பாதி விலைக்குப் போடுறாங்கக்கா. உங்க கடையிலதான். சொல்லியிருந்தா உங்களுக்கும் சேர்த்து வாங்கியிருப்பேனே."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். நூறுக்கு வாங்கியதை எண்பது என்பேன். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். போன வருஷக் கடைசியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனது. கடை மெக்கானிக்தான் வந்து சரிசெய்தார். அவரை எல்லோரும் ஸ்பானர் என்றே கூப்பிடுவோம். ஆயிரத்து எண்ணூறு ஆனது. ஞாயிற்றுக்கிழமை நான் அதைப் பழைய உத்தரவாதத்தில் இலவசமாகச் செய்து வாங்கியதாகச் சொன்னேன். அத்தை, "கெட்டிக்காரி" என்றார்.

அடுத்த வாரம் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஓரகத்தி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஸ்பானர் அண்ணன் எங்க டாக்டர் வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்தாருக்கா. பேச்சுவாக்குல உங்க ஃபிரிட்ஜ் செலவைச் சொன்னாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கெல்லாம் எதுக்குக்கா பொய்? நாம என்ன பரீட்சையா எழுதுறோம்?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள், கடைசி வரை. ஒருத்தி அடித்தால் திருப்பி அடிக்கலாம். பரிதாபப்பட்டால் என்ன செய்வது? அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறக்கும்போதெல்லாம் அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். நான் உண்மையைச் சொன்னாலும் குனிந்துகொள்வாள். என் பதினைந்து வருஷமும் அவள் அப்படிக் குனிவதில் பொய்யாகிப்போனது.

அந்தச் சமயத்தில் என் வீட்டுப் பால்கனியில் கேஸ் ஹீட்டர் ஒன்று சாக்கு போர்த்தி நின்றுகொண்டிருந்தது. குளியலறைச் சுவரில் மாட்டி, கேஸில் வெந்நீர் போடுகிற பெட்டி. ஒரு லாரி டிரைவர் அதைக் கவுண்ட்டருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். குளிக்கப் போன மனைவி மயங்கி விழுந்துவிட்டாள், கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தேன் என்றார். மயக்கம் என்று எழுதினால் தலைமை அலுவலகத்துக்கு நான்கு படிவம் அனுப்ப வேண்டும். நான், 'சூடு போதவில்லை' என்று எழுதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். ஸ்பானர் உள்ளே விரிந்திருந்த குழாயை ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தீ நீலமா எரியணும். இது மஞ்சளா எரியுது பாருங்க. இதுல வர்ற நஞ்சுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆளு தூங்குற மாதிரி போயிடும். இதை உடைச்சுத்தான் போடணும்."

'உடைக்க' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். நான் அதைப் பழைய இரும்பு எடைக்கு இருநூற்று நாற்பது கொடுத்து எடுத்துக்கொண்டேன். உள்ளே செம்பும் பித்தளையும் இருக்கிறது, உடைத்து விற்றால் அறுநூறாவது தேறும் என்ற எண்ணம்தான். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு ஒரு யோசனையும் இல்லை. சமையலறைப் பேச்சுக்குப் பிறகுதான் சாக்கை எடுத்துவிட்டு அதைத் துடைத்தேன். சீட்டை வெந்நீரில் நனைத்து, நகத்தால் கிழியாமல் உரித்தேன். துடைத்தபோது புதிதுபோல இருந்தது.

அவளிடம் வாங்கிக்கொள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம், கடையில் திரும்பி வந்த ஹீட்டர் ஒன்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி ஐயாயிரத்துக்குக் கேட்கிறாள், கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள். படி இறங்கும்போது என் பின்னாலேயே வந்தாள். புதிது பதினோராயிரம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறில் ஆரம்பித்தாள். நான் இரண்டு முறை தலையாட்டினேன், ஒரு முறை பெருமூச்சு விட்டேன். மூவாயிரத்தில் பேரம் படிந்தது. "பக்கத்து வீட்டம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கவலைப்பட்டாள். அப்படிப்பட்டவள்.

அடுத்த வாரம் அவள்தான் கெட்டிக்காரி. பதினோராயிரம் பெறுமானமுள்ள பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டாள் என்று அத்தை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நானும் கைதட்டினேன். எனக்கு அன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் கொழுந்தன் அச்சகத்தில் வேலை செய்கிறவன். உடம்பெல்லாம் மை. அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். ஆகவே அந்த ஹீட்டரில் குளித்தது அவள் ஒருத்திதான். இது எனக்கு முன்பே தெரியுமா என்று ஐயா கேட்டீர்கள். தெரியும். கொழுந்தன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

பிறகு மூன்று மாதம் அவளுக்கு நஷ்டமாகவே வந்தது. காலையில் தலைவலி என்றாள், மாத்திரை வாங்கினாள். கண்ணால் வருகிறதோ என்று கண்ணாடி போட்டுக்கொண்டாள், அதற்கு ஆயிரத்து இருநூறு. ரத்தப் பரிசோதனைக்கு எழுநூறு. மருத்துவர் ரத்தம் குறைச்சல் என்று சொல்லி மருந்து எழுதினார், அதற்கு மாதம் நானூறு. வேலை நேரத்தில் தூங்கி வழிந்து, சீட்டை மாற்றி எழுதியதால் சம்பளத்தில் பிடித்தார்கள். அத்தனையையும் அவள் பழையபடி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ஹீட்டரில் அவள் லாபம் பார்த்த எட்டாயிரம் கரைந்துகொண்டிருந்தது. அது முழுக்கக் கரைந்ததும் ஸ்பானர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இது சத்தியம். கரைய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

குளிர்காலம் முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், குளியலறை ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை, குளிர்காற்று அடிக்கிறது, தண்ணீர் சூடாக வெகு நேரம் பிடிப்பதால் கேஸும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று புலம்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி விஷயத்தில் யோசனை சொல்கிறவள் நான்தானே. வெகு நாளைக்குப் பிறகு என்னைக் கேட்கிறார்கள்.

"காசுதான் ஜன்னல் வழியா போகுது. நல்லா அடைச்சுடு" என்றேன்.

மறுநாள் கடையிலிருந்து ஸ்பாஞ்சுப் பட்டை வாங்கிக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு கொடுத்து வாங்கியது. அவளிடம் காசு கேட்கவில்லை. அவள் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி ஜன்னலைச் சுற்றி ஒட்டினேன். ஒரு பக்கம் சரியாக ஒட்டவில்லை. அதைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பழக்கமில்லை. கதவிடுக்கையும் அடைத்துவிடலாமா என்று கேட்டாள். அதுவும் நல்லதுதான் என்றேன். அவள் முகம் வெளுத்து, உதடு மட்டும் சிவப்பாக இருந்தது. போகும்போது, "நீங்க என்மேல கோவமா இருக்கீங்களோன்னு நெனச்சுட்டே இருந்தேன்க்கா" என்றாள். நான் எதற்கு உன்மேல் கோபப்படப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அவள் குளிக்கப் போனாள்.

தெரியாமல் விற்றுவிட்டேன் என்று சொல், அவர்கள் நம்புவார்கள் என்று என் வீட்டுக்காரர் நேற்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படிச் சொல்ல மாட்டேன். மஞ்சள் தீயை நான் பார்த்தேன். ஸ்பானர் சொன்னதைக் கேட்டேன். தெரிந்துதான் விற்றேன், தெரிந்துதான் ஜன்னலை அடைத்தேன். ஆனால் விலையைப் பேசியவள் அவள், முக்காலியைப் பிடித்தவளும் அவள்தான். இதையும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற அந்தப் போலீஸ் அம்மா விடாமல் எழுத வேண்டும்.

ரத்தக் குறைவில் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை துக்கம் விசாரிக்க ஸ்பானர் வந்தார். முகம் கழுவக் குளியலறைக்குப் போனவர், சுவரில் இருந்த ஹீட்டரில் தான் ஈயம் வைத்துப் பற்றவைத்த குழாயைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். என்னைத்தான் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். உங்களிடம் வர அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. நல்ல மனிதர், ஆனால் எதிலும் தாமதம்.

அதற்குள் கொழுந்தன், அந்தக் குளியலறைப் பக்கமே போக முடியவில்லை அண்ணி, எல்லாவற்றையும் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அழுதான். சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எண்ணூறு கொடுத்து ஹீட்டரை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? நானே சொன்னேன், மூவாயிரத்துக்குக் கொடுத்ததை எண்ணூறுக்குத் திரும்ப வாங்கிவிட்டேன் என்று. அத்தை என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வயதாகிவிட்டது, பாவம்.

ஹீட்டர் எங்கே என்று இப்போது கேட்கிறீர்கள். என் வீட்டில் இல்லை. பால்கனியில் நீங்கள் பார்த்தது வெறும் சாக்கு. வியாழக்கிழமை அதை விற்றுவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடைக்கு மேலே முதல் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி. நேற்று மாட்டுவதாகச் சொன்னார்கள், மாட்டியிருப்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு சொன்னேன். கைக்குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டத்தான் அவசரமாக வேண்டும் என்றாள் அந்தப் பெண். கேட்டதும் மனசு கேட்கவில்லை. முந்நூறு குறைத்துக்கொண்டேன்.