றோஸ் பூ மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

பள்ளிவாசலில் நியாயம் தீர்க்கும் கண்ணியத்துக்குரிய மரைக்கார்மாரே, கல்முனைச் சரித்திரத்தில் குறித்து வைக்கப்பட வேண்டிய செய்தியொன்றை முதலில் அறிவித்துக்கொள்கிறேன்: இந்தக் கரையோரத்தின் முதலாவது றோஸ் பூ மரம் எங்கள் வளவில்தான் நிற்கிறது. வில்பிரட் மாஸ்டர் வீட்டில் நிற்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், முதலாவது. முள்ளு றோஸ் செடியில்லை; றோஸ் நிறத்தில் குழல் குழலாய்ப் பூத்துக் கொட்டி, நிலத்தையே கலியாணப் பந்தலாக்கும் சாதி. மற்ற விஷயம் சிறியது. கூப்பிட்டுக் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் வளவுத் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டது. அடுத்த வருடம் பக்கத்து வீட்டு வில்பிரட் மாஸ்டர் கண்டியிலிருந்து இரண்டு கன்றுகள் கொண்டுவந்து, ஒன்றை எனக்குத் தந்தார். “மாரி முடிஞ்சா தண்ணிய நிப்பாட்டிப் போடுங்க. காஞ்சு இலை கொட்டினாத்தான் பூக்கும்,” என்றார். படித்த மனிதர், மரத்தைப் பட்டினி போடச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையாய் வந்தவன் பெண்சாதி வீட்டில்தான் இருக்க வேண்டும். வீடு அஸீஸாவுடையது. வளவு அவளுடையது, கிணறும் அவளுடையது. வேலை பார்த்த கந்தோரில் உட்கார எனக்கொரு கதிரை இருந்தது. அது அரசாங்கத்தின் கதிரை. நான் நட்டது என்று சொல்ல அந்த மரம் ஒன்றுதான். பூக்கிற அன்றைக்கு வந்து பாருங்கள் என்று கந்தோர் முழுவதற்கும் அழைப்பும் விட்டிருந்தேன்.

எண்பத்து மூன்றில் மகள் சுல்பிகாவுக்கு நிந்தவூரிலிருந்து காலிதீனைப் பேசி வந்தார்கள். வயல் செய்கிற நல்ல பொடியன். மகளுக்கும் பிடித்திருந்தது, வாயால் சொல்லவில்லை, வீட்டுக் கண்ணாடிக்குத்தான் ஓய்வில்லாமல் போனது. வழக்கப்படி பெண்ணுக்கு நாங்கள் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வளவில் வெறும் இடம் ஒன்றுதான். அதில் மரம் நின்றது.

காலிதீனின் மாமா பக்கீர் முகைதீன் அண்ணாந்து பார்த்தார். “இதென்ன மச்சான், காயும் இல்ல, கனியும் இல்ல. தறிச்சா அடுப்புக்காவது ஆகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பஸ் ஏறி நிந்தவூர் போனேன். அவரைத் தேத்தண்ணிக் கடையில் கண்டு, பெற்றவன் மறைக்கக் கூடாது என்று தொடங்கினேன். “புள்ளைக்கு இப்ப சுகம் மச்சான். பெருநாளைக்குப் பிறகு ஒருக்காத்தான் வலிப்பு வந்து விழுந்தாள்.” அவர் என் கையைப் பிடித்து என் நேர்மையை மெச்சினார். ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்றார். ஒரு கிழமையில் நிந்தவூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு நான் எங்கும் போக வேண்டி வரவில்லை.

கதை அஸீஸாவின் காதுக்கும் வந்தது. “ஆரோ எரிச்சல்ல கட்டிவிட்டிரிக்கான். அவன் நாசமாப் போவான்,” என்று அழுதாள். ஆமீன் என்றேன். சும்மா இருந்தால் நன்றாக இராதே.

ஒருநாள் சுல்பிகா வந்து நின்றாள். “வாப்பா, நித்திரையில எனக்கே தெரியாம வலிப்பு வாறதா?”

இல்லை என்றால், அப்படியானால் கதை கட்டியது யார் என்று தேடுவார்கள். “ஓம் மகள். நீ பயந்திருவாய் எண்டுதான் நானும் சொல்லல்ல,” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து, வலிப்புக்கு இரும்பு காவல் என்று, பூட்டுத் திறக்கும் இரும்புத் திறப்பொன்றைக் கையில் பொத்திக்கொண்டுதான் படுக்கிறாள். கிணற்றடிக்குத் தனியே போவதில்லை. யாராவது மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தால், “பாவம், ஒராள ஏமாத்தக் கூடாது உம்மா,” என்று அவளே மறித்துவிடுகிறாள். கூடாது என்று சொல்லும் அறிவை நான்தான் ஊட்டி வளர்த்தேன்.

அஸீஸா லெப்பையைக் கூட்டிவந்தாள். அவர் ஓதி ஊதிய தண்ணீரைக் கலந்து மகள் தினமும் தலை முழுக வேண்டுமாம். ஓதின தண்ணீர் கால்படும் இடத்தில் ஓடக் கூடாது, மரத்தடியில் விட வேண்டும். வளவில் நிற்பது ஒரு மரம்தானே. அதைச் சுற்றிக் கிடுகால் மறைப்புக் கட்டினோம். மாரி கோடை பாராமல் நாலு வருடமாக, வாளி வாளியாக, அங்கேதான் குளிக்கிறாள். மரம் பச்சைப் பசேலென்று நிற்கிறது.

இப்போது பக்கீர் முகைதீன் ஹஜ்ஜுக்குப் போகிறார். போகுமுன் எல்லோரிடமும் மாப்புக் கேட்க வேண்டுமே. கதையைப் பரப்பியதற்கு அஸீஸாவிடம் மாப்புக் கேட்டவர், யார் சொன்னதைப் பரப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவருக்கு மனச்சுமை இறங்கியது. அஸீஸா உங்களிடம் வந்தாள்.

ஓம், மகளுக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. நான்தான் சொன்னேன். அஸீஸா நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாளாம். அவள் திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வாப்பா பொய் சொல்ல மாட்டார் உம்மா,” என்றாளாம்.

என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். மரத்தை மட்டும் தறிக்கச் சொல்லாதீர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் வில்பிரட் மாஸ்டரின் மரம் வருடாவருடம் பூக்கிறது.

எங்களுடையது இதுவரை ஒரு பூவும் பூக்கவில்லை.