பத்து மணிக்கு யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள்

— தப்புக்கா. இன்டர்வியூல 'ஐ வில் குக்'னு சொன்னீங்கன்னா, பத்து மணிக்கு ஸ்கூல் பெல் அடிச்சப்புறந்தான் அடுப்பையே பத்த வைப்பீங்கன்னு அவங்க நெனச்சுக்குவாங்க. அத்தனை பிள்ளைங்களும் தட்டைப் பிடிச்சுகிட்டு நிக்கும்.

— யா அல்லா! முன்னாடி கன்டீன் எடுத்தவன் அடிச்ச கூத்த நானும் அடிக்கப் போறேன்னு நானே போயி சொல்லிட்டு வரவா?

— அதுக்குத்தான் சொல்றேன். 'ஐ வில் பி குக்கிங்.' பெல் அடிக்கிற நேரத்துல வேலை ஏற்கெனவே ஓடிகிட்டு இருக்கும். முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, இன்னும் முடியல, நீங்க நடுவுல இருக்கீங்க.

— நடுவுல இருக்கேன்.

— ஆமா. சொல்லுங்க பாப்போம். அட் டென் ஓ க்ளாக்?

— இரு சாந்தினி, இந்த வெங்காயத்த ஒரு ஓரமா தள்ளிக்கிறேன். ம்... அட் டென் ஓ க்ளாக், ஐ வில் பி குக்கிங், இன்ஷா அல்லா.

— அலமாக் அக்கா! மறுபடியும் இன்ஷா அல்லாவா?

— வாயில வந்துருது புள்ள. நாளைக்குன்னு வாயத் தொறந்தா அது முன்னாடி வந்து நிக்குது. எங்க உம்மா வீட்டுல, நாளைக்கு துணி தொவைக்கிறேன்னு சொன்னாக்கூட அதைச் சேக்காம விட்டா முறைப்பாங்க.

— எனக்குப் புரியுதுக்கா. ஆனா அங்க மூணு பேரு உக்காந்திருப்பாங்க. நடுவுல இருக்குறவரு வெள்ளக்கார பிரின்சிபல். ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னாடி அதைச் சேத்தா, 'இந்தம்மா செய்வாங்களா மாட்டாங்களா'ன்னு அவருக்கு சந்தேகம் வந்துடும் லா.

— மச்சான், சிரிக்காதீங்க. கல்லாவுல உக்காந்துகிட்டு காத மட்டும் இங்க வச்சிருக்கீங்க.

— சிரிக்காம? மீன் போடுற தம்பி 'நாளைக்கு வரேன், இன்ஷா அல்லா'ன்னு சொன்னா நீயே நம்ப மாட்ட மஹ்மூதா. அவன் தலை மறையறதுக்குள்ள வேற ஆளுக்கு போன் போடுவ.

— அவன் சொல்றது வேற, நான் சொல்றது வேற. அவன் வர்றதுக்கு மனசில்லாம சொல்றான்.

— அதை அந்த வெள்ளக்காரரு எப்படிக் கண்டுபிடிப்பாரு? அதைத்தான் தங்கச்சியும் சொல்லுது.

— அப்படிச் சொல்லுங்க கபீர் பாய். நீங்க எங்க கட்சிதானே?

— நான் யாரு கட்சியும் இல்ல தங்கச்சி. டிசம்பரோட நம்ம மாசாய் டவுன்ல இந்தக் கடை வரிசையவே இடிக்கப் போறாங்க. கூலாய்ல ஆரிஃப் பாய் கடையில ரொட்டி போட ஆள் வேணுமாம், வரேன்னு சொல்லி வச்சிருக்கேன். அதைச் சொன்னதுல இருந்து இவ என்கிட்ட சரியா பேசுறதில்ல.

— பேசுவாங்களா? பதினெட்டு வருசம் சொந்தக் கல்லுல ரொட்டி போட்ட மனுசன், இன்னொருத்தன் கல்லு முன்னாடி நின்னு, அவன் முறைச்சா தலையக் குனிஞ்சுக்கணுமா? நான் இருக்குற வரைக்கும் அது நடக்காது. எனக்கு இந்த கன்டீன் வேணும் சாந்தினி. நகை வேணாம், நட்டு வேணாம், இது ஒண்ணு போதும்.

— கெடைக்கும்க்கா. அடுத்ததுக்கு வாங்க. அந்த நேரத்துல உங்க ஆளுங்க என்ன செஞ்சுகிட்டு இருப்பாங்க? அவங்க கட்டாயம் கேப்பாங்க. பழைய ஆளு அதுலதான் மாட்டிகிட்டாரு.

— ராஜம்மா வில் பி பேக்கிங் நாசி லெமாக். தேங்காப்பால் சோத்துக்கு அப்படியே சொன்னா அவருக்குப் புரியும்ல? மச்சான் வில் பி...

— மச்சான் இல்லக்கா. மை ஹஸ்பண்ட்.

— மை ஹஸ்பண்ட் வில் பி... ரொட்டிய வீசுறதுக்கு என்ன புள்ள?

— மேக்கிங் ரொட்டின்னே சொல்லுங்க, போதும்.

— வீசுறது அவருக்குத்தானே பெருமை? சரி. மை ஹஸ்பண்ட் வில் பி மேக்கிங் ரொட்டி. மை டாட்டர் அல்ஃபியா வில் பி கிவ்விங் வாட்டர். எனக்கு மூச்சு வாங்குது சாந்தினி. வேணாம் விடு. ஆறாம் வகுப்போட நின்னவ நான். மலாய்ல கேட்டா வெளுத்து வாங்கிடுவேன். அந்த ஆளுக்கு முன்னாடி போயி உளறிக் கொட்டிட்டு வந்தா நாலு பேரு சிரிப்பாங்க.

— யாரு சிரிப்பா? போன வருசம் மாசாய் முழுக்கத் தண்ணி நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாக் கடையும் மூடிக் கெடந்துச்சு. உங்க கடையில மட்டும் சோறு வெந்துகிட்டு இருந்துச்சு. முந்தின நாளே ட்ரம் ட்ரம்மா புடிச்சு வச்சிருந்தீங்க. எங்க ஃப்ளாட்டுல பாதி பேரு அன்னைக்கு உங்க கையாலதான் சாப்பிட்டோம்.

— அது வேற. பைப்புல தண்ணி மெலிசா வந்துச்சு, நாளைக்கு வராதுன்னு தெரிஞ்சுது. இது இங்கிலீஷு.

— சரி, இங்கிலீஷ வையுங்க. தமிழ்லயே சொல்லுங்க. பத்து மணிக்கு சின்னப் பிள்ளைங்க வரிசையில என்ன நடந்துகிட்டு இருக்கும்?

— சின்னதுங்க வரிசையா? அதுங்களுக்கு சோறு ஆறணும்ல? பெரிசுங்களுக்குக் கறி கொதிச்சுகிட்டு இருக்குறப்ப, சின்னதுங்க தட்டுல சோறு ஆறிகிட்டு இருக்கணும். அது ஆறுறப்ப அடுத்த பெல்லுக்கு அரிசி ஊறிகிட்டு இருக்கணும். ஒண்ண முடிச்சுட்டு ஒண்ணுன்னு நின்னா கடை நடக்குமா? எல்லாமே நடுவுலதான் இருக்கும்.

— அக்கா.

— என்ன, தப்பா?

— தப்பில்லக்கா. எங்க டீச்சர் இதைக் கரும்பலகையில கோடு போட்டு, நடுவுல புள்ளி வச்சுக் காட்டுவாங்க. எனக்குப் பரீட்சை முடிஞ்சதும் மறந்து போச்சு. இப்ப நீங்க சொல்றப்ப அந்தச் சோத்துல ஆவி பறக்குறதே தெரியுது. இதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுங்க. நான் ஒவ்வொண்ணா மாத்தித் தரேன். உங்களை நெனச்சா எனக்கு அவ்வளவு பெருமையா இருக்குக்கா.

— பெருமை எனக்குத்தான் புள்ள. வாரம் பூரா சிங்கப்பூருக்கு ஓடிட்டு, ஞாயித்துக்கிழமை ஒரு நாளு தூங்காம வந்து எனக்குச் சொல்லிக் குடுக்க எவ இருக்கா? லோஷினி எந்திரிக்கிறதுக்கு முன்னாடி போற. அவ தூங்கினப்புறம் வர்ற.

— அவளுக்கு தெனம் மத்தியானம் சோறு போட்டு, ஹோம்வொர்க் செய்ய வச்சு, பேன் பாத்து விடுறது யாரு? பெத்தவ நான் செய்ய வேண்டியதெல்லாம் நீங்க செய்யிறீங்க. இது கூட நான் செய்யலைன்னா எப்படி? பேச்ச மாத்தாதீங்க, முதல்ல இருந்து வாங்க. இன்ஷா அல்லாவ மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்குங்க.

— மனசுக்குள்ள சொன்னா அவனுக்குக் கேக்குமா?

— அவனுக்குக் கேக்கும் மஹ்மூதா. வெள்ளக்காரருக்குத்தான் கேக்கக் கூடாது.

*

— ஹலோ, சாந்தினி? எங்க இருக்க புள்ள?

— காஸ்வே நடுவுலக்கா, சிங்கப்பூர்ப் பாலத்துல. பஸ்சு நகரவே மாட்டேங்குது, பாதி பேரு எறங்கி நடக்குறாங்க. அதை விடுங்க, இன்டர்வியூ என்ன ஆச்சு? காலையில இருந்து எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல.

— சொல்றேன். ஆனா நீ திட்டக் கூடாது.

— சொல்லிட்டீங்களா?

— வாயத் தொறந்த முதல் பேச்சுலயே சொல்லிட்டேன்.

— அலமாக்!

— கேளு. அந்த வெள்ளக்காரரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. 'மேடம், இஸ் தட் யெஸ் ஓர் நோ?'ன்னு கேட்டாரு. பக்கத்துல ஒரு மலாய்க்காரம்மா, குனிஞ்சுகிட்டு சிரிக்குது. மச்சான் வெளியில நின்னு கண்ணாடி வழியா பாத்தவரு, தலையில கைய வச்சுகிட்டாரு.

— ஐயோ, அப்புறம்? நீங்க என்ன சொன்னீங்க?

— நீ சொல்லிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. எனக்கு வந்ததச் சொன்னேன். 'சார், யெஸ். டென் ஓ க்ளாக், ஐ வில் பி குக்கிங். ரெயின், ஐ வில் பி குக்கிங். ஃபீவர், ஐ வில் பி குக்கிங். ஒன்லி இஃப் ஐ டை, நோ குக்கிங். தட் ஒன் நாட் இன் மை ஹேண்ட். தட் ஒன் ஒன்லி இன்ஷா அல்லா'ன்னேன்.

— அக்கா!

— தப்பாப் பேசிட்டேனா?

— தப்பா? நான் பஸ்சுலயே கைதட்டிட்டேன், பக்கத்துல இருக்குறவரு ஒரு மாதிரி பாக்குறாரு. என்னால ஜென்மத்துக்கும் இப்படிச் சொல்லியிருக்க முடியாதுக்கா. அவரு என்ன சொன்னாரு?

— சிரிச்சுட்டாரு. 'முன்னாடி இருந்தவரு தெனமும் யெஸ் யெஸ்னுதான் சொன்னாரு, ஆளத்தான் காணோம்'னு அந்தம்மாகிட்ட சொல்றாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா கேட்டாரு. ராஜம்மா, அல்ஃபியா, சோறு ஆறுறது, அரிசி ஊறுறது, எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த கன்டீனு என் கண்ணுல தெரிஞ்சுது புள்ள. நான் அங்க நின்னு கரண்டியப் பிடிச்சுகிட்டு இருக்குற மாதிரியே இருந்துச்சு.

— பாருங்க, கட்டாயம் கெடைச்சிடும். எப்ப சொல்றேன்னாங்க?

— அங்கயே சொல்லிட்டாங்க. கெடைச்சிடுச்சு. ஜனவரியில இருந்து.

— என்னது! இதை இவ்வளவு நேரம் கழிச்சா சொல்றது? கபீர் பாய் எங்க?

— கூலாய்க்கு போன் போட்டு 'வேலைக்கு வரல பாய், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டு இருக்காரு.

— நான் ஒண்ணும் அழல தங்கச்சி! கார் ஏர்கான் கண்ணுல அடிக்குது!

— தஹ்னியா கபீர் பாய், வாழ்த்துக்கள்! நல்லா அழுங்க, உங்க பொஞ்சாதி மாதிரி ஒரு பொம்பளைக்காக எவ்வளவு வேணும்னாலும் அழலாம்.

— ஏய், கடைசியில ஒரு கேள்வி கேட்டாங்க புள்ள. நீ அதுக்குச் சொல்லிக் குடுக்கல.

— என்ன கேள்வி?

— 'நீங்க சமைச்சுகிட்டு இருக்குறப்ப, பெத்தவங்க ஈமெயில் போட்டா யாரு பதில் சொல்லிகிட்டு இருப்பாங்க? கடலை ஒத்துக்காத பிள்ளை, மாட்டுக்கறி தொடாத பிள்ளை, இதையெல்லாம் யாரு பாத்துகிட்டு இருப்பாங்க?'ன்னாரு.

— ஐயையோ. அதை நான் யோசிக்கவே இல்லையேக்கா. என்ன செஞ்சீங்க?

— அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன். வெளியில மச்சான் மூஞ்சியப் பாத்தேன். டக்குனு, 'மை பார்ட்னர் வில் பி டூயிங், சார்'னுட்டேன்.

— பார்ட்னரா? அது யாருக்கா? அல்ஃபியாவா?

— அவளுக்கு ஏது அவ்வளவு இங்கிலீஷு? அந்த வெள்ளக்காரரும், 'பார்ட்னர் எங்க, கூட்டிட்டு வரலையா?'ன்னு கேட்டாரு. 'இப்ப சிங்கப்பூர்ல வேலையில இருப்பா சார், பொழுது சாஞ்சா காஸ்வேல பஸ்சுக்குள்ள மாட்டிகிட்டு இருப்பா. ஜனவரியில இருந்து மாட்ட மாட்டா, பாதிக் கன்டீனு அவளோடது'ன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காமயே சொல்லிட்டேன் சாந்தினி. இப்பக் கேக்குறேன், வர்றியா?