தார் லாரி திரும்பிப் போன ஞாயித்துக்கிழம

வின்னி: ...அந்த வெள்ளக் கல்லு தெரியுதா, எங்க வாசப்படி கிட்ட? அத தாண்டி வராது. பாத்துனே இருங்க.

ஃப்ரெடி: தாண்டுனா?

வின்னி: தாண்டுனா வீட்டுக்குள்ள தண்ணி. கட்டிலுக்கு அடில செருப்பு மெதக்கும். வருஷா வருஷம் அதான.

ஃப்ரெடி: இது மொத மழ... ரோடு போட்டப்புறம்.

வின்னி: அதுக்குன்னு பங்காருபேட்டைலேர்ந்து மழ பாக்க வந்தீங்களா ஃப்ரெடி? சீரியஸா?

ஃப்ரெடி: சூப்பர்வைசர்ங்க நான். போட்ட ரோடு எப்டி கீதுன்னு பாக்க வேணாமா.

ஐடா: வின்னி, யாரு டி வாசல்ல?

வின்னி: நம்ம லைன் வீடுங்களுக்கு ரோடு போட்டாரே, ஃப்ரெடி. அவரு தான் மா.

ஐடா: அந்த தம்பியா. மழைல நிக்க வெச்சு பேசினு கீற. உள்ள கூப்டு, டீ வெக்கறேன்.

ஃப்ரெடி: பரவால்ல ஆன்ட்டி, இங்கயே...

வின்னி: உள்ள வாங்க. தல பத்திரம், நெல தாழ்வு.

ஃப்ரெடி: தெரியும். ரெண்டு தடவ இடிச்சினு கீறேன்.

வின்னி: பைக் எங்க? எப்பவும் கம்பெனி பைக்ல தான வருவீங்க.

ஃப்ரெடி: ட்ரெயின்ல வந்தேன்.

வின்னி: ஏன்?

ஃப்ரெடி: கம்பெனி பைக்கு... கம்பெனில கீது.

வின்னி: இதெல்லாம் ஒரு பதிலா. சரி, கைல இன்னா பார்சல்?

ஃப்ரெடி: கிஃப்ட்டு. உங்க நிச்சயதார்த்தத்துக்கு. அன்னிக்கு வெறுங்கையோட வந்துட்டேன்ல.

வின்னி: வெறுங்கையா? ஒரு லாரி தார் எடுத்துனு வந்தீங்க.

ஃப்ரெடி: அத நீங்க வாங்கிக்கலயே.

வின்னி: எப்டி வாங்கறது? பழைய ரோட்ட சுரண்டாம அது மேலயே ஊத்த வந்தீங்க. இது வரைக்கும் போட்டவங்க எல்லாம் அப்டி தான் போட்டாங்க. ரோடு ஏறினே போகுது, வீடு எறங்கினே போகுது. எங்கப்பா இருந்தப்ப சொல்வாரு, இன்னொரு தடவ ரோடு போட்டா மைன்ஸ்ல எறங்கற மாதிரி நம்ம வீட்டுக்கும் கேஜ்ல தான் எறங்கணும்னு. வேல செஞ்ச ஷாஃப்ட்ட மூடிட்டாங்க, வீட்ட ஷாஃப்ட்டு ஆக்கிட்டாங்கன்னு.

ஃப்ரெடி: சரி... மாப்ள எப்டி கீறாரு?

வின்னி: யாரு?

ஃப்ரெடி: மாப்ளங்க. உங்க மாப்ள.

வின்னி: ஓ... நல்லா கீறாரு. பெங்களூர்ல.

ஃப்ரெடி: பேரு?

வின்னி: சைலஸ்.

ஃப்ரெடி: நல்ல பேரு.

வின்னி: அத விடுங்க. நீங்க எங்க கவுன்சிலரம்மாவ பத்தி சொல்லுங்க. பார்வதம்மா மாதிரி ஒரு ஆள பாத்துருக்கீங்களா? சான்ஸே இல்ல. இந்த லைனுக்கு ரோடே கெடயாதுன்னாங்க. மைன்ஸ் ஜாகா, நகரசபை துட்டு போட முடியாதுன்னு ஒரே பாட்டு. மீட்டிங்ல மத்த வார்டு காரங்க எல்லாம் மெயின் ரோடுக்கு குடு, பஜாருக்கு குடுன்னு கத்தினு இருந்தாங்களாம். இவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா?

ஃப்ரெடி: இன்னா?

வின்னி: ஒண்ணும் பேசல. மழ வர்ற வரைக்கும் கம்முனு இருந்துட்டு, நகரசபை என்ஜினீயர எங்க வீட்டுக்கு டீ குடிக்க கூட்டினு வந்தாங்க.

ஃப்ரெடி: மழைலயா?

வின்னி: கொட்ற மழைல. அவரு பாவம், ஷூவோட உள்ள எறங்கறாரு, கணுக்கால் வரைக்கும் தண்ணி. கவுன்சிலரம்மா கட்டில் மேல கால தூக்கி வெச்சுனு, கூத்கொள்ளி சார், கூத்கொள்ளின்னு கன்னடத்துல உக்கார சொல்றாங்க. எங்கம்மா வேற சக்கர போதுமான்னு கேக்கறாங்க. அவருக்கு டீ உள்ள எறங்கவேயில்ல. எஸ்டிமேட்ல பழைய தார சுரண்டி எடுத்துட்டு தான் புதுசு போடணும்னு எழுதிட்டாரு.

ஐடா: இந்தா பா டீ. சூடா கீது, பாத்து.

ஃப்ரெடி: தேங்க்ஸ் ஆன்ட்டி. மாப்ளய பத்தி தான் கேட்டுனு இருந்தேன். வருவாரா இங்க?

ஐடா: யாரு... ஆங். கொர்னேலியஸா? வருவான் பா, லீவு கெடைக்கும்போது.

ஃப்ரெடி: கொர்னேலியஸா?

வின்னி: சைலஸ் கொர்னேலியஸ். முழுப்பேரு.

ஐடா: ஆமா ஆமா, முழுப்பேரு. அடுப்புல பாலு வெச்சிருக்கறேன், நான் போறேன்.

ஃப்ரெடி: இன்னா வேல செய்றாரு சைலஸ் கொர்னேலியஸு?

வின்னி: கல்லு. கல்ல பாருங்க ஃப்ரெடி. தண்ணி கிட்ட வந்துச்சு.

ஃப்ரெடி: கால்வாய்க்கு சரிவு குடுத்துருக்கறேன். எறங்கிடும். நீங்க சொல்லுங்க.

வின்னி: இன்னாத்த... ஆங், அந்த ஞாயித்துக்கிழம. உங்க காண்ட்ராக்டர் கில்லாடி தான். ஞாயித்துக்கிழம என்ஜினீயருக்கு லீவு. லைன்ல எல்லாரும் சர்ச்சுல. ஆராதன முடிஞ்சு வர்றதுக்குள்ள சுரண்டாமலே ஊத்தி ரோலர் ஓட்டிடலாம்னு தான பிளானு?

ஃப்ரெடி: ...ஆமா.

வின்னி: ஆனா எங்க கவுன்சிலரம்மாவுக்கு எப்டியோ தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழம சாயந்தரமே வந்துட்டாங்க. நாளைக்கு ஒரு நாள் ரோட்ட மறிச்சா போதும், திங்கக்கிழம என்ஜினீயர நானே கூட்டினு வரேன், பந்தல் போடுங்கன்னாங்க. எங்க லைன்ல பந்தல் போட்டா யாரும் பிரிக்க சொல்ல மாட்டாங்க. போலீஸ் ஜீப்பு கூட சுத்தினு தான் போகும். நல்லதோ கெட்டதோ, ரோட்டுல தான எங்களுக்கு எல்லாமே.

ஃப்ரெடி: பந்தல் போடுங்கன்னாங்களா? நிச்சயம் ஏற்கெனவே இருந்துச்சுன்னு நெனச்சேன்.

வின்னி: இருந்துச்சு... இருந்துச்சு. தேதிய கொஞ்சம் முன்னாடி நகத்துனோம்.

ஃப்ரெடி: ஓஹோ.

வின்னி: காலைல லாரி வந்து நிக்குது, பொகையோட. நடு ரோட்டுல பந்தல். மொத சேர்ல கவுன்சிலரம்மா பட்டுப்பொடவைல. உங்க காண்ட்ராக்டர் கார்லேர்ந்து கத்தினே எறங்கறாரு, இவங்க பன்னீர் தெளிக்கறாங்க. அவரு வாய தொறக்கறாரு, இவங்க கேசரி தட்ட நீட்டறாங்க.

ஃப்ரெடி: ரெண்டு தட்டு துன்னாரு. நான் பாத்தேன். அதுக்குள்ள தார் ஆறி கல்லாயிடுச்சு. கொட்றதுக்கு எடம் தேடி அலஞ்சோம்.

வின்னி: மறுநாள் என்ஜினீயர் முன்னாடி சுரண்டிட்டு தான போட்டீங்க. அந்த ஒரு ஆளு இல்லன்னா இந்த வீடு இன்னிக்கு மூழ்கிருக்கும். யாரு தான் அவங்க கிட்ட சொன்னாங்களோ. கேட்டா சிரிக்கறாங்க, சொல்ல மாட்டேன்றாங்க.

ஃப்ரெடி: பந்தல்ல கட்டுன போர்டு கூட நல்லா இருந்துச்சு. தெர்மாகோல்ல வெட்டி, கோல்டு பேப்பர் ஒட்டி. வின்னின்னு பெருசா. ஆனா மாப்ள பேரு மேல ஒரு மால தொங்கினு இருந்துச்சு.

வின்னி: பந்தல்காரன் மாட்டிருப்பான்.

ஃப்ரெடி: ஒரு பேரு மேல மட்டுமா?

வின்னி: கல்லு... ஃப்ரெடி, கல்லு போச்சு.

ஃப்ரெடி: இன்னாது?

வின்னி: முழுகிடுச்சு. அம்மா, தண்ணி படிக்கு வந்துடுச்சு.

ஐடா: ஐயோ ஏசப்பா. அரிசிய தூக்கு டி. டிவி ஒயர புடுங்கு.

ஃப்ரெடி: இருங்க இருங்க. இப்டி ஆகக்கூடாது. லெவல் கரெக்ட்டா தான் வெச்சேன்... கால்வாய் வாய்ல இன்னாவோ அடச்சுனு கீது.

வின்னி: எங்க போறீங்க? நனஞ்சுடுவீங்க.

ஃப்ரெடி: கொட வேணாம் விடுங்க... கை விட்டா தான் வரும்... வெள்ளையா இன்னாவோ... தெர்மாகோலு.

வின்னி: ஃப்ரெடி, அத அங்கயே வுட்டுடுங்க.

ஃப்ரெடி: அங்கயே வுட்டா தண்ணி எப்டி போகும்?

வின்னி: தூக்கி அந்தாண்ட எறிங்க அப்ப. பாக்காம எறிங்க. அம்மா, அந்த போர்ட இன்னா பண்ண நீ?

ஐடா: கால்வாய் ஓரம் சாச்சு வெச்சேன் டி, குப்ப வண்டி எடுத்துனு போகும்னு.

வின்னி: ஒடச்சு போட சொன்னேனில்ல.

ஐடா: எவ்ளோ அழகா வெட்னது. மனசு வரல.

ஃப்ரெடி: வந்துடுச்சு... பாருங்க, தண்ணி இழுக்குது. பாருங்க.

வின்னி: எறங்குது... அம்மா, எறங்குதுமா. கல்லு தெரியுது.

ஐடா: ஸ்தோத்திரம். அரிசிய கீழ வெய்யி, கை வலிக்குது.

வின்னி: உள்ள வாங்க ஃப்ரெடி. போர்ட குடுங்க இப்டி.

ஃப்ரெடி: மால இன்னும் அதுலயே சுத்தினு கீது.

வின்னி: குடுங்கன்றேன்ல.

ஃப்ரெடி: ஒண்ணு கேக்கறேன். சைலஸும் இல்ல, கொர்னேலியஸும் இல்ல. ஹௌதா, ஆமா தான? நிச்சயமே இல்லல்ல?

வின்னி: உங்க காண்ட்ராக்டர் கிட்ட சொல்லிடுவீங்களா?

ஃப்ரெடி: அவரு எங்கூட பேசறதில்ல. பந்தல் பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.

வின்னி: எப்டி?

ஃப்ரெடி: சனிக்கிழம கவுன்சிலரம்மாவுக்கு ஃபோன் பண்ணி, நாளைக்கு லாரி வருது, சுரண்ட மாட்டாங்க, எப்டியாச்சும் நிறுத்துங்கன்னு சொன்னது நான் தான்.

வின்னி: நீங்களா?

ஃப்ரெடி: இந்த வீட்ல எத்தன தடவ டீ குடிச்சிருக்கறேன், ஆன்ட்டி கையால. அது மேல எப்டி தார் ஊத்தறது? வேல முடிஞ்சதும் அவருக்கு தெரிஞ்சுபோச்சு. அதான் பைக்கு கம்பெனில கீது. நான் இங்க கீறேன்.

ஐடா: ஐயோ தம்பி, வேல போச்சா?

ஃப்ரெடி: வேற கெடைக்கும் ஆன்ட்டி. பேத்தமங்களா ரோடு எடுத்தவரு கிட்ட கவுன்சிலரம்மாவே பேசிருக்காங்க.

வின்னி: இவ்ளோ நேரம் நான் அவங்கள புகழ்ந்துனு கீறேன், நீங்க டீ குடிச்சுனு கேட்டுனு கீறீங்க?

ஃப்ரெடி: அவங்கள புகழலாம். நான் ஒரு ஃபோன் தான் பண்ணேன். பன்னீரு, கேசரி, பட்டுப்பொடவ... அதெல்லாம் எனக்கு வராது.

வின்னி: எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு கிஃப்ட்டு எடுத்துனு வந்தீங்க?

ஃப்ரெடி: பந்தல் பொய்யின்னு தெரியும்ங்க. மாப்ளயும் பொய்யான்னு தெரில. அத கேக்கறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல. மாலய எடுத்து பாக்கட்டா?

வின்னி: அம்மா, பாலு பொங்குது பாரு.

ஐடா: எறக்கி வெச்சுட்டேன் டி. நான் இங்கயே நிக்கறேன்.

ஃப்ரெடி: எடுக்கறேன்... கோல்டு பேப்பர் பாதி போயிடுச்சு. ஆனா எழுத்து தெரியுது... வின்னி, இதுல என் பேரு கீது.

வின்னி: தெர்மாகோல் வெட்றவன் மாப்ள பேரு கேட்டான், வாய்ல வந்தத சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம நீங்க சர்ச்சுக்கு போவீங்க, லாரியோட வரமாட்டீங்கன்னு நெனச்சேன்... மொத ஆளா நீங்க எறங்குனத பாத்து தான், கவுன்சிலரம்மா கழுத்துல போட வெச்சிருந்த மாலய புடுங்கி அது மேல மாட்னேன்.