மானுக்கு அறுநூறு மீற்றர்

“ஆயிரத்தைஞ்ஞூறு மீற்றர் எண்டு போட்டிருக்கிறது சுவருக்கு அடிச்சால்தான். மானெண்டால் லேசர் அறுநூறுதான் பிடிக்குமாம். மழை தூறினால் அதுவும் இல்லை.”

ரூ பெர்தொனே தெரு மரக்கறிக் கடையில், காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் போனைப் பார்த்தபடி மனைவியிடம் சொன்னார். புரட்டாதிச் சனி. அந்த அம்மாவின் கையில் கோயிலில் எரிக்க எள்ளெண்ணெய்ப் போத்தல்.

“ஒரு மாசமா இந்தத் தூரம் அளக்கிற மிசின் கதைதான். துவக்கே இல்லாத ஆளுக்கு இது என்னத்துக்கு?”

“சுடுறது நான் வேலை செய்யிற ரெஸ்ரோறண்ட் முதலாளி, பத்ரோன். எத்தினை மீற்றரிலை நிக்குதெண்டு பாத்துச் சொல்லுறதுதான் என்ரை வேலை. வாற சனி வேட்டை.”

“சனியோ? விரதமெண்டு முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டியள்!”

“நான் மானைச் சுடவோ போறன், சாப்பிடவோ போறன்? தூரம்தானே சொல்லப்போறன்.”

அவர் மனைவி போத்தலை அவர் கையில் திணித்தார்.

“அப்ப, எத்தினை மீற்றர் தள்ளி நிண்டால் பாவம் ஒட்டாதெண்டு காட்டுற மிசினாப் பாத்து வாங்குங்கோ.”