செல்லம்மா சாகவில்லை

சித்தியவான் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் ஒரு புது நாவல்.

“அக்கா, செல்லம்மா ஈப்போவுல வீடு வாங்கினான்னு கதை சொன்னீங்க. இந்தப் புத்தகத்துல அவ ஆத்துல விழுந்து செத்துடுறா!”

“எழுதினவரு சாகடிச்சாரு. நான் விடல.”

“ரெண்டு வாரமா ரேஹாட் இடைவேளையில உங்க வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்க்கா.”

“கடைசிப் பக்கம் வரைக்கும் உள்ளபடிதான் சொன்னேன். மாசம் ரெண்டு நாவல் படிக்கிறவ நான். இப்ப வர்றதுல எஸ்டேட்டு பொம்பளைன்னா முடிவுல செத்தே ஆகணும். கதை கேட்டீங்களே, அதுல பாதிப் பேரு எஸ்டேட்டுல பொறந்தவங்க. எவ செத்தா? முதலாளி தோட்டத்த வித்தான், டவுனுக்கு வந்தோம், வேலை செஞ்சோம், வீடு வாங்கினோம். அத எழுத ஒருத்தருக்கும் கை வரல.”

இளையவள் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“எங்கம்மாவும் எஸ்டேட்டுல ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவங்கதான். நீங்க சொல்றத தினமும் வீட்டுல போயி சொல்வேன். நேத்து முடிவு என்னான்னு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“வீடு வாங்கிட்டான்னேன். எத்தனை ரூமுன்னு கேட்டாங்க. மூணுன்னு சொல்லிட்டேன்.”

“மூணா? நாலுன்னு சொல்லு.”